மழைக்கு முன்னாடி வராத பணம்: வடசென்னையில் ஒரு தெருக் குழு டிரஸ்ட் ஆகணுமா?

கொருக்குப்பேட்டை வாசி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். எங்க தெருப் பசங்க சேர்ந்து மழைக்காலத்துல சாப்பாடு, தண்ணி கேன், பாய், போர்வைன்னு கொடுத்துட்டு வர்றோம். பணம் எல்லாம் ஒருத்தரோட ஜிபே நம்பருக்குத்தான் வருது. இப்போ டிரஸ்ட் பதிவு பண்ணினா 80ஜி (நன்கொடை கொடுக்கறவங்களுக்கு வரிக் கழிவு) கிடைக்கும், மணலி பக்கத்துக் கம்பெனிகளோட சிஎஸ்ஆர் (கம்பெனிகள் சமூகத்துக்குச் செலவு பண்ண வேண்டிய) பணமும் வரும்னு ஒரு யோசனை ஓடுது. சிங்கப்பூர், கனடாவுல இருக்கற சொந்தக்காரங்களும் அனுப்பத் தயார்.

டிரஸ்டா, சொசைட்டியா? எது எப்போ கிடைக்கும்? நிர்வாகச் செலவு எத்தனை சதவீதத்துக்குள்ள இருந்தா நல்ல என்ஜிஓன்னு சொல்லலாம்? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

வண்ணைக் கணக்கர்

முதலில் அந்த ஜிபே நம்பரை நிறுத்துங்கள், தம்பி. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவர் கணக்குக்கு ஒரு நிதியாண்டில் ரூ. 50,000-க்கு மேல் வந்தால், அது அவருடைய வருமானமாகக் கணக்கில் வரும். வெள்ளத்துக்கு வந்த பணம்தான் என்று நிரூபிக்கும் பாரமும் அவர் தலையில்தான்.

பதிவு விஷயம். சொசைட்டி என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975. குறைந்தது 7 பேர், வருடாவருடம் பொதுக்குழு, அதன்பின் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல். இதை இரண்டு மூன்று வருடம் விட்டுவிட்டு, வங்கியோ கம்பெனியோ கேட்கும்போது ஓடும் சங்கங்கள்தான் அதிகம். டிரஸ்ட் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம். பத்திரத்தில் மூன்று விஷயம் விட்டுப்போகக் கூடாது: டிரஸ்டைத் திரும்பப் பெற முடியாது என்ற வரி, கலைத்தால் சொத்து இதே நோக்கமுள்ள இன்னொரு அறக்கட்டளைக்குப் போகும் என்ற வரி, நோக்கத்தில் ஒரு மதத்துக்கோ சாதிக்கோ மட்டும் என்று எழுதாமல் இருப்பது. கடைசி விஷயத்தில் வடசென்னைக் குழுக்கள் அடிக்கடி மாட்டுகின்றன. சாதிப் பெயரை எழுதாமல் ‘கழிமுகத்தைச் சார்ந்து வாழும் மக்கள்’ என்பது போல எழுதுங்கள். பட்டியல் இனத்தவர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் நலனுக்கு என்று எழுதினால் அந்தத் தடை வராது.

அடுத்து 12ஏபி (அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி பதிவுகள். வேலை தொடங்காத புது அறக்கட்டளைக்கு 10ஏ படிவத்தில் 3 வருடத் தற்காலிகப் பதிவு கிடைக்கும். வேலை தொடங்கிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள், அல்லது காலம் முடிய 6 மாதம் இருக்கும்போது, இதில் எது முந்தியோ அதற்குள் 10ஏபி போட வேண்டும். 3 வருடம் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடுவதால்தான் பல பதிவுகள் போகின்றன. நான் சொல்லும் பிரிவு எண்கள், படிவங்கள் எல்லாம் 1961 சட்டத்தின்படி. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் அமல் என்பதால், புது எண்ணையும் கெடுவையும் ஆடிட்டரிடம் கேட்டு எழுதுங்கள்.

80ஜி பற்றி நன்கொடையாளரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். ரூ. 2,000-க்கு மேல் ரொக்கம் கொடுத்தால் கழிவு இல்லை. அரிசி மூட்டை, போர்வை என்று பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் இல்லை. பணம் வாங்கும்போதே பான் எண் வாங்குங்கள். மே 31-க்குள் நன்கொடைப் பட்டியலான 10பிடி படிவத்தைத் தாக்கல் செய்தால்தான் அவருக்கு 10பிஇ சான்றிதழ் போகும். தாமதமானால் நாளுக்கு ரூ. 200.

---

கத்திவாக்கம் கரை

சிங்கப்பூர், கனடான்னு எழுதினதைப் பார்த்ததும் பதறிட்டேன். அந்தப் பணத்தை இப்போதைக்குத் தொடாதீங்க. இந்தியப் பாஸ்போர்ட் வெச்சிருக்கறவர் வெளிநாட்டுல சம்பாதிச்சு, தன் சொந்தச் சேமிப்புல இருந்து வங்கி வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறிட்டா, உங்க கூடப் பிறந்தவரா இருந்தாலும், இந்திய வம்சாவளிக்காரங்களுக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) கணக்குல அவர் வெளிநாட்டவர்தான். பதிவு இல்லாத குழு அவர்கிட்ட ஒரு ரூபா வாங்கினாலும் குற்றம். அதனால பாஸ்போர்ட் நகல் ஒண்ணு ஃபைல்ல இருக்கணும்.

எஃப்சிஆர்ஏ பதிவு வாங்க அமைப்புக்கு 3 வருஷ வயசு வேணும், அந்த 3 வருஷத்துல நோக்கத்துக்காக 15 லட்சம் செலவு பண்ணியிருக்கணும். கிடைச்சாலும் பணம் முதல்ல டெல்லி நாடாளுமன்றத் தெரு எஸ்பிஐ முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வரும். வருஷக் கணக்கு எஃப்சி-4, டிசம்பர் 31-க்குள்ள. வரவே இல்லைன்னாலும் ‘இல்லை’ன்னு போடணும். பதிவு 5 வருஷம்தான்.

இதை விட எங்க பக்கத்தை அதிகமா அடிச்சது அந்தச் சட்டத்துக்கு வந்த 2020 செப்டம்பர் திருத்தம். அதுக்கு முன்னாடி எஃப்சிஆர்ஏ உள்ள பெரிய நிறுவனம் ஒண்ணு, அதே பதிவு வெச்சிருக்கற சின்ன அமைப்புக்கு நிதியைப் பிரிச்சுக் கொடுக்கலாம். எண்ணூர்ல மீனவப் பெண்கள் குழுவோட வேலை பண்றவங்களுக்கு அப்படித்தான் ஓடிச்சு. இப்போ வாங்கினவங்களே செலவு பண்ணணும், யாருக்கும் கை மாத்தக் கூடாது. 2022 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றமும் திருத்தம் செல்லும்னு சொல்லிடுச்சு. விளைவு என்னன்னா, பெரிய நிறுவனம் தானே ஆளெடுத்து நேரா குப்பத்துக்கு வருது. எந்தச் சந்துல முதல்ல தண்ணி ஏறும்னு தெரிஞ்ச உள்ளூர் ஆள், வழி காட்டற தொண்டரா மட்டும் நிக்கறார். சம்பளம் கிடையாது, முடிவுல பங்கு கிடையாது.

---

மணலி புதுநகர்

எல்லாரும் பதிவு, படிவம்னு பேசறீங்க. அடிப்படைக் கேள்வியை நான் கேக்கறேன். மழைநீர் வடிகால் போடறது, பம்ப் வெக்கறது, நிவாரணம் கொடுக்கறது எல்லாம் அரசாங்கத்தோட கடமை. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005 இருக்கு, மாநிலப் பேரிடர் நிதி இருக்கு. என்ஜிஓ பொட்டலம் கொடுத்துக்கிட்டே இருந்தா அந்தக் கடமை மங்கிப் போகாதா? இன்னொண்ணு, மக்கள் கொடுத்த பணத்துல பாதி ஆபீஸ் வாடகை, சம்பளம்னு போறதை எப்படி ஏத்துக்கறது? நிர்வாகச் செலவு 10 சதவீதத்தைத் தாண்டற எதுக்கும் பணம் கொடுக்கக் கூடாதுங்கறதுதான் என் கருத்து.

---

வியாசை

மணலி அண்ணா, ரெண்டு கேள்வியும் நல்ல கேள்வி. ரெண்டாவதை முதல்ல எடுத்துக்கறேன்.

எஃப்சிஆர்ஏ விதிகள்ல எது நிர்வாகச் செலவுன்னு ஒரு பட்டியல் இருக்கு. வாடகை, கணக்கு எழுதறது, அறிக்கை தயாரிக்கறது, மேலாண்மைக்கு ஆளெடுக்கறது எல்லாம் அதுல வரும். ஆஸ்பத்திரி நடத்தினா டாக்டர் சம்பளம் வராது; பள்ளிக்கூடம் நடத்தினா டீச்சர் சம்பளம் வராது. அது நேரடி வேலை. வெள்ள நிவாரணத்துல டாக்டருக்கும் டீச்சருக்கும் சமமான ஆள் யாரு? வீடு வீடாப் போய்ப் பட்டியல் எடுக்கற கள ஒருங்கிணைப்பாளர்தான். ஆனா நிறைய நிறுவனங்கள் பயந்துக்கிட்டு அவங்க சம்பளத்தையும் நிர்வாகத்துல எழுதிடுது. உச்சவரம்பு முன்னாடி 50 சதவீதம், 2020-க்குப் பிறகு 20.

ஒரு கணக்குப் போடுங்க. வருஷத்துக்கு 10 லட்சம் வருதுன்னு வெச்சுக்குவோம். 20 சதவீதம்னா 2 லட்சம். மாசம் 15,000 சம்பளத்துல ஒரே ஒரு ஒருங்கிணைப்பாளர் வெச்சா 1,80,000 போயிடும். மீதி 20,000-ல ஆடிட், வாடகை, கரண்ட், போன் எல்லாம். உங்க 10 சதவீதக் கணக்குப்படி அந்த ஒருத்தரையும் வெக்க முடியாது. அந்த ஆள் இல்லைன்னா 10 லட்ச ரூபாய்ப் பொருளும் மெயின் ரோட்டோரம் இருக்கற 4 தெருவுக்கே போகும். கணேசபுரம் சுரங்கப்பாதைக்குக் கீழ தண்ணி நின்னா அந்தப் பக்கம் லாரி போகாது. ஓட்டேரி நல்லா கால்வாய் ஓரம், பக்கிங்காம் கால்வாய் ஓரம், கேப்டன் காட்டன் கால்வாய் ஓரம், எங்கெல்லாம் கஷ்டம் அதிகமோ அங்கெல்லாம் வண்டி நுழையாது. சதவீதத்தை மட்டும் கேட்டா இந்த வித்தியாசம் தெரியாது. ‘பட்டியல் யார் எடுத்தாங்க, எப்போ எடுத்தாங்க’ன்னு கேட்டாத்தான் தெரியும்.

அதனால தொடங்கினவருக்கு என் பதில்: சதவீதம் எதையும் காட்டாது. ஒரு நிறுவனம் ‘100 சதவீதமும் மக்களுக்கே’ன்னு போஸ்டர் போட்டா, சம்பளம் வேற தலைப்புல ஒளிஞ்சிருக்கு, இல்லைன்னா யாரோ சம்பளம் இல்லாம உழைச்சு இளைச்சுப் போறாங்க.

---

வண்ணைக் கணக்கர்

வியாசை சொன்னதோடு சிஎஸ்ஆர் பக்கத்தையும் சேர்க்கிறேன். அங்கேயும் இதே குழப்பம்தான். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய 3 வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். விதியில் ‘நிர்வாக மேல்செலவு 5 சதவீதம்’ என்று இருப்பது கம்பெனி தன் சிஎஸ்ஆர் துறையை நடத்தும் பொதுச் செலவுக்கான வரம்பு. திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க ஆகும் நேரடிச் செலவு அதில் சேராது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் சிஎஸ்ஆர் அதிகாரிகள் பலர் அதை அப்படியே என்ஜிஓ பட்ஜெட்டின் மேல் தூக்கி வைத்து, ‘உங்களுக்கு 5 சதவீதம்தான்’ என்கிறார்கள். பேச்சுவார்த்தைக்குப் போகும்போது அந்த விதி வரியை அச்செடுத்துக்கொண்டு போங்கள். களப்பணியாளர் சம்பளத்தைத் ‘திட்ட நடைமுறை’ தலைப்பில், பெயர், நாள், இடம் உள்ள வருகைப் பதிவேட்டோடு காட்டுங்கள்.

உங்கள் குழுவுக்கு உடனே சிஎஸ்ஆர் கிடைக்காது. கம்பெனி தானே தொடங்காத அமைப்பு என்றால் 3 வருட அனுபவம், 12ஏபி, 80ஜி மூன்றும் இருந்து, சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டு எண் வாங்கியிருக்க வேண்டும்.

காலம்தான் பெரிய முடிச்சு. கம்பெனியின் வருடம் மார்ச் 31-இல் முடிகிறது. செலவாகாத பணத்தைத் தள்ளிவிட ஜனவரியிலிருந்து மார்ச் வரை அவசரம். நம் மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. பணம் வரும்போது வெள்ளம் வடிந்திருக்கும். வெள்ளம் வரும்போது கம்பெனியின் குழு இன்னும் ஒப்புதல் கொடுத்திருக்காது. இதற்குச் சட்டத்தில் வழி உண்டு. ‘தொடர் திட்டம்’ என்று முதலிலேயே தீர்மானம் போடச் சொல்லுங்கள். மீதிப் பணத்தை வருடம் முடிந்து 30 நாளுக்குள் செலவாகாத சிஎஸ்ஆர் கணக்கில் போட்டு, அடுத்த 3 நிதியாண்டுகளுக்குள் செலவிடலாம். பேரிடர் மேலாண்மை அட்டவணை 7-இல் இருப்பதால் முன்னேற்பாட்டையும் திட்டமாக எழுதலாம். வெள்ளம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

---

புளியந்தோப்பு செவிலி

பணம் எதுக்குன்னு தெரிஞ்சாத்தான் எவ்வளவு கேக்கறதுன்னு தெரியும். உலகம் முழுக்க நிவாரண அமைப்புகள் வெச்சிருக்கற ஸ்பியர் அளவுகளை வெச்சே சொல்றேன்.

தண்ணீர் ஒரு ஆளுக்கு நாளுக்கு 15 லிட்டர், குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து. 5,000 லிட்டர் டேங்க் ஒண்ணு 330 பேருக்கு, அதாவது 4 பேர் குடும்பம் 80-க்கு, ஒரு நாள் வரும். ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மேல போகக் கூடாது. 1 லிட்டர் பாட்டில் லாரி லாரியா வர்றது போட்டோவுக்கு நல்லா இருக்கும். குளிக்கவும் கக்கூஸ் போகவும் தண்ணி இல்லாம பொம்பளைங்க ராத்திரி வரைக்கும் அடக்கிக்கிட்டு இருப்பாங்க.

குளோரின் போடற அளவு: லிட்டருக்கு 2 மில்லிகிராம்னா 5,000 லிட்டருக்கு 10 கிராம் குளோரின். பிளீச்சிங் பவுடர்ல சுமார் 30 சதவீதம்தான் குளோரின், அதனால 33 கிராம் போடணும். வாளித் தண்ணில கரைச்சு, சுண்ணாம்பு அடியில தங்கின பிறகு தெளிஞ்ச நீரை மட்டும் டேங்க்ல ஊத்துங்க. அரை மணி நேரம் விட்டு, குழாய்ல பிடிச்சுச் சோதிச்சா 0.2-லேர்ந்து 0.5 மில்லிகிராம் மிச்சம் இருக்கணும். மூட்டை திறந்து ஈரம் ஏறின பவுடர் வீரியம் இழந்திருக்கும். அளவு சரியா போட்டும் சோதனையில நிறம் வரலைன்னா காரணம் பெரும்பாலும் அதுதான். கலங்கல் தண்ணிலயும் குளோரின் வீணாப் போகும். சம்ப்ல சாக்கடை கலந்திருந்தா முதல்ல இறைச்சுக் கழுவணும், அதுக்கு அப்புறம்தான் மருந்து.

சாப்பாடு. முதல் 3 நாள் வீட்டுக்குள்ள தண்ணி, அடுப்பு நனைஞ்சிருக்கும். அப்போ அரிசி கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. கலந்த சாதம்தான். 1 கிலோ அரிசிக்கு 8 பேர், 100 பேருக்கு 12 அல்லது 13 கிலோ. புளி, எலுமிச்சை நல்லது. சாம்பார் சாதம், தேங்காய் சேர்த்தது சீக்கிரம் கெடும். சூட்டோட இறுக்கி மூடினா உள்ளேயே வேர்த்துப் புளிச்சிடும். சமைச்சு 4 மணி நேரத்துக்குள்ள கைக்குப் போகணும். சமைச்ச நேரத்தைப் பொட்டலத்துல எழுதுங்க.

நாலாம் நாளுக்கு மேல மளிகைப் பை. ஒரு ஆளுக்கு நாளுக்கு 2,100 கலோரி. 4 பேருக்கு 7 நாளைக்கு 58,800. அரிசி 10 கிலோ, பருப்பு 2 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், சர்க்கரை 1 கிலோ, ரவை 1 கிலோ சேர்த்தா ஏறக்குறைய 57,500 வந்துடும். நம்ம ஊர்ல வழக்கமாக் கொடுக்கற 5 கிலோ அரிசிப் பையில எண்ணெயும் பருப்பும் இல்லைன்னா, ஒரு வாரத் தேவையில மூணுல ஒரு பங்குகூட வராது. 1,000 வீட்டுக்கு அரைகுறையாக் கொடுக்கறதை விட 400 வீட்டுக்கு முழுசாக் கொடுங்க. மீதி வீட்டுக்கு எந்த அமைப்பு போகுதுன்னு கேட்டுப் பிரிச்சுக்கோங்க.

பழைய துணி வேண்டவே வேண்டாம். 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினத்துல ரோட்டோரம் குவிஞ்சு கிடந்தது எல்லாருக்கும் தெரியும். நாப்கின், உள்ளாடை, சோப்பு புதுசா வாங்குங்க. மாத்திரையை நீங்க கொடுக்காதீங்க. எலிக்காய்ச்சலுக்கான மாத்திரை எல்லாம் மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் முடிவு பண்ண வேண்டியது.

---

மணலி புதுநகர்

சதவீத விஷயத்துல வியாசை சொன்னது நியாயம், ஏத்துக்கறேன். முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரலை.

---

கத்திவாக்கம் கரை

அதை நான் எடுத்துக்கறேன். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலிப் பக்கத்துல இருந்து எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலையாறு வழியா எண்ணூர் கழிமுகத்துக்கு வந்துச்சு. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம்னு வரிசையாப் படகும் வலையும் தார் பூசினாப்பல ஆச்சு. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானா முன்வந்து வழக்கு எடுத்துச்சு. அந்த நேரத்துல அரிசிப் பை கொடுத்த அமைப்புகள் நிறைய. ஆனா இழப்பீட்டுக்குப் போகும்போது தேவைப்பட்டது அரிசிப் பை இல்லை, ஆதாரம். தேதியும் இடமும் பதிஞ்ச போட்டோ, எத்தனை வலை, எந்த வகை, எப்போ வாங்கினது, படகுப் பதிவு எண், சங்க உறுப்பினர் எண், தோல் அரிப்புக்கு ஆஸ்பத்திரி போன சீட்டு.

எந்த ஊர்லயும் இழப்பீட்டுப் பட்டியல் படகுலேர்ந்துதான் தொடங்கும். கூடையில மீன் விக்கற பெண்களுக்குப் படகு எண் கிடையாது. சேத்துல இறங்கிக் கையால இறால் தடவிப் பிடிக்கறவங்களுக்கும் கிடையாது. ஐஸ் உடைக்கறவர், வலை பின்னறவர் யாரும் அந்தக் காகிதத்துல இல்லை. அவங்களை எழுதி, மனுவாக்கி, வட்டாட்சியர் அலுவலகம் வரைக்கும் கூடப் போறதுதான் என்ஜிஓ வேலை. அரசாங்கத்தோட கடமை இதால மங்காது. அரசாங்கம் யாருக்குக் கொடுக்க விட்டுப்போச்சுன்னு எழுத்துல வருது. மிக்ஜாமுக்கு ரூ. 6,000 ரேஷன் கடை வழியா வந்தப்பவும் இதே கதைதான்: கார்டு வேற ஊர்ல இருக்கற வாடகை வீட்டுக்காரங்க, மணலி, மாதவரம் குடோன்ல தங்கியிருக்கற வடமாநிலத் தொழிலாளிங்க, இவங்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஆள் தேவைப்பட்டுச்சு.

இந்த வேலைக்கு யாரும் பணம் தர மாட்டாங்க, அண்ணா. போட்டோவே வராது. ஒரு ஆளும், ஒரு செராக்ஸ் மெஷினும், ஆறு மாசமும் வேணும்.

எண்ணெய் அள்ளற வேலையில மக்களை இறக்காதீங்கன்னும் சொல்லிடறேன். சாதாரணத் துணிக் கையுறை எண்ணெயைத் தோல்லயே பிடிச்சு வெச்சுக்கும். நைட்ரைல் கையுறை, முழங்கால் பூட்ஸ் இல்லாம யாரும் இறங்கக் கூடாது. உடம்புல பட்டா மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்காதீங்க. சமையல் எண்ணெய் தேய்ச்சு, அப்புறம் சோப்பு.

---

பெரம்பூர் லோகோ

வெளிநாட்டுப் பணத்தை நம்பித் திட்டம் போட வேண்டாம்னு நானும் சொல்றேன். 2025 ஜனவரியில அமெரிக்கா உதவியை நிறுத்தி வெச்சப்போ, உலகம் முழுக்கப் பாதி வேலையில இருந்த திட்டங்கள் அப்படியே நின்னுச்சு. ஜூலை 1-ல அந்த நாட்டோட உதவி அமைப்பான யுஎஸ்எய்டே மூடப்பட்டுச்சு. 2016-ல இஸ்தான்புல்ல கையெழுத்தான ‘கிராண்ட் பார்கெய்ன்’ உடன்பாட்டுல, மனிதநேய நிதியில 25 சதவீதம் உள்ளூர் அமைப்புகளுக்கு முடிஞ்ச வரை நேராப் போகணும்னு இலக்கு வெச்சாங்க. நடைமுறை அந்த இலக்குக்கு ரொம்பக் கீழேதான் நிக்குது.

எம்எஸ்எஃப் (எல்லைகளற்ற மருத்துவர்கள்) அமைப்பைப் பாருங்க. பெரும்பங்கு பணம் தனி மனிதர்கள்கிட்ட இருந்து வருது. அதனாலதான் 2016-ல அகதிகள் விஷயத்துல ஐரோப்பிய ஒன்றியத்தோட கொள்கையை எதிர்த்து, அவங்க பணமே வேண்டாம்னு சொல்ல முடிஞ்சுது. நம்ம தெருவுக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். கழிமுகத்தைக் கெடுக்கற இடத்துல இருந்தே சிஎஸ்ஆர் வாங்கிட்டு, அதே கழிமுகத்துக்கு மனு எழுதினா கையெழுத்துப் போடும்போது கை தயங்கும். எந்தப் பணத்தை வாங்க மாட்டோம்னு இப்பவே தீர்மான நோட்டுல எழுதி வெச்சுடுங்க. கட்சிக் கொடி, மதப் பிரசங்கம், வாங்கறவங்க முகத்தை போட்டோ எடுக்கறது இதுல எதுவும் இல்லைன்னும் சேர்த்து எழுதுங்க. செஞ்சிலுவை இயக்கமும் மத்த அமைப்புகளும் சேர்ந்து 1994-ல எழுதின நடத்தை நெறியோட சாரமும் கிட்டத்தட்ட இதுதான்.

---

கொருக்குப்பேட்டை வாசி

ரொம்ப நன்றி. நம்பரை நிறுத்திட்டோம். ஒரு சந்தேகம்: டிரஸ்ட் ஆனா வந்த பணத்தை அந்த வருஷமே செலவு பண்ணியாகணும்னு சொல்றாங்களே, அப்போ அடுத்த மழைக்குச் சேர்த்து வெக்க முடியாதா?

---

வண்ணைக் கணக்கர்

முடியும். வருமானத்தில் 85 சதவீதம் அந்த வருடம் நோக்கத்துக்குச் செலவாக வேண்டும். 15 சதவீதத்தைக் காரணம் சொல்லாமலே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் 10-ஆம் எண் படிவத்தில் நோக்கத்தைக் குறிப்பிட்டு 5 வருடம் வரை சேர்க்கலாம். ‘டிரஸ்டின் நோக்கங்களுக்காக’ என்று மொட்டையாக எழுதினால் சிக்கல் வரும்; ‘கொருக்குப்பேட்டை வெள்ளக் கால முன்னிருப்பு, 5,000 லிட்டர் டேங்க் 2, மோட்டார் பம்ப் 1’ என்று எழுதுங்கள். 1961 சட்டப்படி வருமான வரிக் கணக்கின் கடைசித் தேதிக்கு 2 மாதம் முன்பே படிவம் போக வேண்டும்; புதுச் சட்டத்தின் கெடுவை ஆடிட்டரிடம் கேளுங்கள். நன்கொடையாளர் எழுத்தில் ‘இது மூலதன நிதிக்கு’ என்று சொல்லிக் கொடுத்தால், அதைத் தனியாக, சட்டம் அனுமதித்த முதலீட்டில் வையுங்கள். பெயர் தெரியாத நன்கொடை 1 லட்சம், அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால் மீதிக்கு 30 சதவீத வரி. உண்டியல் வைக்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

என் யோசனை, முதல் 2 வருடம் மாதம் ரூ. 200 தரும் 100 பேரைப் பிடியுங்கள். மாதம் 20,000, ஒரு பகுதி நேரக் களப்பணியாளருக்கும் ஆடிட்டுக்கும் அது போதும். கம்பெனி வருவதற்குள் உங்கள் கணக்குப் புத்தகம் பேசும் நிலையில் இருக்கும்.

---

வியாசை

அந்தக் களப்பணியாளர் ஜூலை, ஆகஸ்ட்லயே பட்டியலை முடிச்சிடணும். கதவு எண்ணை வெச்சு எடுக்காதீங்க, அடுப்பை எண்ணுங்க. நம்ம பக்கம் ஒரே கதவுக்குள்ள 3 குடும்பம் இருக்கும், ஒரே ரேஷன் கார்டுல 2 அடுப்பு எரியும். வேலைக்குப் போறவங்க திரும்பற சாயங்காலம் 6 மணிக்கு மேல போங்க. ஒரு அடுப்புக்கு ஒரு வரி: ஆள் எண்ணிக்கை, 5 வயசுக்குக் கீழ எத்தனை, கர்ப்பிணி, நடக்க முடியாதவங்க, தினசரி மருந்து, தரைத்தளமா மாடியா. டோக்கன்ல அந்த வரிசை எண்ணே இருக்கட்டும். கொடுக்கற அன்னிக்குப் பட்டியலைச் சுவத்துல ஒட்டிடுங்க, விட்டுப்போனவங்க அங்கேயே சொல்லட்டும், அவங்களுக்குன்னு நூத்துக்கு 10 பை தனியா எடுத்து வெச்சிருங்க.

---

கொருக்குப்பேட்டை வாசி

சரி அண்ணா. மருந்து, போன் நம்பர் எல்லாம் இருக்கற அந்தப் பக்கத்தையும் சுவத்துல ஒட்டணுமா?

---

புளியந்தோப்பு செவிலி

வேண்டாம் தம்பி. சுவத்துல வரிசை எண்ணும் குடும்பத் தலைவி பேரும் மட்டும். மருந்து, நோய், கர்ப்பம் எழுதின தாள் களப்பணியாளர் கையில, பூட்டின அலமாரியில இருக்கட்டும். இன்சுலின் போடறவங்க வீட்டை மட்டும் முன்கூட்டியே குறிச்சு, கரண்ட் போனா ஐஸ் பெட்டி எங்க இருக்கும்னு அவங்ககிட்ட செப்டம்பர்லயே சொல்லிடுங்க.